பேக்கரி அடுப்புக்குப் போன சீலிங்

வீட்டுத் தரகுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு நான் எதையும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. சொல்லிக்கொடுத்தால் கேட்கிற ஆட்களா நீங்கள்? ஆனால் உங்களில் ஒருவர் போன மாதம் என்னைத் தேடி வந்து, விற்பதற்கு முந்திப் பழைய சீலிங்கை மாற்றச் சொல்லலாமா என்று கேட்டுவிட்டார். கேட்டதோடு நிற்காமல், மாற்றினால் வீட்டுக்கு மதிப்பு ஏறும் என்று பதிலையும் அவரே சொன்னார். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது இந்தக் காலத்துப் பழக்கம்போல் இருக்கிறது. அவருக்கு அன்றைக்கு ஒரு தேநீரைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சொல்லவேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்காரர்களைப் பற்றி. ஒரு மனிதன் வருடக்கணக்காக ஒரு வீட்டில் குடியிருப்பான், சாப்பிடுவான், தூங்குவான், பிள்ளை பெறுவான். ஒருநாளும் அண்ணாந்து பார்க்கமாட்டான். விற்பது என்று முடிவான மறுநாள் காலையில்தான் அவன் தலை மேலே திரும்பும். இது என்ன கறுப்பு, இது என்ன கறை, இதைப் பார்த்தால் எவன் வாங்குவான் என்று ஆரம்பிப்பான். அந்த நேரம் தரகர் பக்கத்தில் இருந்தால், அந்தத் தலையைப் பிடித்துக் கீழே திருப்பிவிட வேண்டும். நீங்கள் என்னடாவென்றால் ஏணியைக் கொண்டுவந்து கொடுக்கிறீர்கள்.

நான் தொழில் பார்த்தது வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. சில வீடுகளில் பலகை சீலிங், சில வீடுகளில் பூப்போட்ட தகரம், ரொம்பப் பழைய வீடுகளில் வெறும் துணியை இழுத்துக் கட்டிச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். அப்படித் துணி கட்டின வீடொன்றை விற்க வந்த ஒரு பெரியவர், நான் சொல்லச் சொல்லக் கேளாமல், அந்தத் துணிக்கு நீல வர்ணம் அடித்தார். ஒரு தடவை அடித்தது பிடிக்காமல் மேலே இன்னொரு தடவை அடித்தார். துணி ஏற்கெனவே மரநாய் ஓடி ஓடி இற்றுப்போயிருந்தது. வாங்க வந்த தம்பதி நாற்காலியில் உட்கார்ந்து வர்ணத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போதே துணி கிழிந்து, மரநாய்க் குட்டி ஒன்று அந்த அம்மாள் மடியில் விழுந்தது. அந்தப் பெரியவர் கடைசிவரை மரநாயைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். தன் கையிலிருந்த பிரஷ்ஷை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாங்குகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வரும் கனவான்கள் வெயிலில் வருவார்கள், குதிரைப் பந்தயம் பார்ப்பார்கள், நாலு வீட்டையும் பார்த்து நாலும் அழகு என்பார்கள், பிறகு கரட், கோவா என்று மலைக்காய்கறி வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். வெள்ளை சீலிங் அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். வீடுதான் வாங்கமாட்டார்கள். உண்மையாக வாங்குகிறவன் இந்த மழையிலேயே ஊறினவன். கதவைத் தாண்டியதும் அவனும் அண்ணாந்துதான் பார்ப்பான். அவன் பார்ப்பது கறையை. தகரக் கூரை எங்கே ஒழுகியது, எப்போது ஒழுகியது, இன்னும் ஒழுகுகிறதா என்பதைப் பழைய சீலிங் அவனுக்குச் சொல்லிவிடும். ஓரம் காய்ந்து நூலாம்படை படிந்த கறை என்றால் என்றைக்கோ அடைத்துவிட்ட ஒழுக்கு. ஓரம் கறுத்து ஊறியிருந்தால் இன்னும் ஒழுகுகிறது. கறையே இல்லாத புத்தம்புது சீலிங்கில் அவனுக்குப் படிக்க ஒன்றுமில்லை. மேலே எதை மூடியிருக்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவான்.

இது தெரியாத ஒரு புத்திசாலியால் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரப் பார்த்தது. அந்தக் குடும்பத்தின் வீட்டை விற்க வந்தவர் வேலாயுதம். ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். இலை வாட்டுவதிலிருந்து பெட்டியில் அடைப்பதுவரை பார்த்துப் பார்த்துச் செய்தே ஆயுளைக் கழித்தவர். மனைவி பெயர் காமாட்சி. பிள்ளை கிடையாது. சீசனில் தங்குவதற்கு ஒரு வெள்ளைக்காரன் கட்டிப்போட்ட சின்ன வீடு ஒன்று நுவரெலியாவில் மேட்டின்மேல் இருந்தது. அதைச் சேமிப்பை எல்லாம் போட்டு வாங்கி, ஓய்வுபெற்றபின் அங்கேயே குடிவந்திருந்தார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு, இந்திய வம்சாவளியான நம் சனங்கள் எல்லாரும் தாங்கள் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று விண்ணப்பம் போட்டு நிரூபிக்க வேண்டிவந்ததல்லவா, வேலாயுதமும் போட்டார். கணவனும் மனைவியும் இடைவிடாமல் இங்கேயே இருந்ததாகக் காட்டவேண்டும். காமாட்சியம்மா ஒருமுறை, சாகக்கிடந்த தாயைப் பார்க்கத் திருச்சிப் பக்கம் போயிருந்தார். கூட இருந்து பார்த்து, தாய் கண்மூடி, காரியம் முடித்துத் திரும்ப ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். விண்ணப்பம் தள்ளுபடி. தாய் சீக்கிரமாகச் செத்திருந்தால் மகள் இந்த நாட்டுக்காரி, இழுத்துக்கொண்டு கிடந்து செத்ததால் அந்நிய நாட்டுக்காரி. இப்படிச் சட்டம் எழுதியவர்களுக்கெல்லாம் தாய் என்று ஒருத்தி இருந்தாளா என்று எனக்குச் சந்தேகம்.

ஆக, தீபாவளிக்குள் இருவரும் தலைமன்னாருக்குப் போய் இந்தியாவுக்குக் கப்பல் ஏறவேண்டும். ஏறிவிட்டால் திரும்பி வந்து வீடு விற்க முடியாது. ஊரில் அவர்களுக்கு நிலமும் இல்லை, கூரையும் இல்லை. இந்த வீடு விலைபோனால்தான் அங்கே ஒரு குடிசையாவது கட்டலாம். காமாட்சியம்மாவின் தம்பி தியாகராஜன் பெயரில் எழுதிவைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். தியாகராஜனைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள்.

ஆனி மழையில் நான் பூண்டுலோயா ஜமால் முதலாளியை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவருக்குப் பூண்டுலோயாவில் புடவைக்கடை. பிள்ளைகளை நுவரெலியாவில் படிக்கவைக்க ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான் மழை நாளாகப் பார்த்துக் கூட்டிப்போனேன். வெயிலில் வீடு காட்டுகிற தரகனை நான் தரகனாகவே மதிப்பதில்லை.

முன்னறையில் பலகை சீலிங். கணப்பு அடுப்புப் புகையில் பலகை கருகருவென்று இருந்தது. புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் அகலமாக ஒரு பழுப்புக் கறை. முதலாளி அதைப் பார்த்தார். நாற்காலியைத் தூக்கி நேராக அந்தக் கறைக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார். காமாட்சியம்மா கொடுத்த பால் இல்லாத பிளேன்டீயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டார். வெளியே மழை கொட்டுகிறது, இவர் பிச்சை கேட்கிறவர்போலக் கையை விரித்துக்கொண்டு இருக்கிறார். டீ முடியும்வரை அந்தக் கையில் ஒன்றும் விழவில்லை. அந்தக் கறை எப்போது வந்தது என்று கேட்டார். துரை காலத்துக் கறை, வீடு வாங்கின கையோடு கூரையை அடைத்துவிட்டேன் என்றார் வேலாயுதம். முதலாளி தலையை ஆட்டினார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் வந்து பேசி முடிக்கலாம் என்று சொல்லிக் குடையை எடுத்தார். அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்தால் உறுதிப்பத்திரம் எழுதின மாதிரி.

நான் வேறொரு வீட்டு விஷயமாக ஹட்டனுக்குப் போய்விட்டேன். அந்த இடைவெளியில்தான் தியாகராஜன் வந்து சேர்ந்தார். கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் விற்பனைக்கு நிற்கிறவர். அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அதோடு சேர்த்து உலகத்து அறிவு முழுவதும் கிடைத்துவிட்டது என்ற நினைப்பு. நெற்றியைச் சுருக்கி மேலே பார்த்தாராம். இந்தக் காலத்தில் எவன் பலகை சீலிங் வைத்திருக்கிறான், கொழும்பில் எல்லாரும் அஸ்பெஸ்டஸ் தகடுதான் போடுகிறார்கள், வெள்ளை வெளேரென்று போட்டுவிட்டால் முதலாளி கொடுக்க இருந்த விலைக்கு மேலே கேட்கலாம் என்று அத்தானுக்கு ஓதியிருக்கிறார். தகடும் அவர் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமாம். வேலாயுதம் தொழிற்சாலையில் யார் பேச்சையும் எடுக்காத மனிதர், வீட்டுக்குள் மைத்துனர் பேச்சைத் தட்டத் தெரியாதவர். கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நான் திரும்பி வந்து முன்னறைக்குள் காலை வைத்தேன். ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பழைய பலகை எங்கே என்று கேட்டேன். பேக்கரிக்கு விறகாகக் கொடுத்துவிட்டோம் என்று தியாகராஜன் பெருமையாகச் சொன்னார். அந்த வாரம் நுவரெலியாவில் பேக்கரிப் பாண் சாப்பிட்டவர்கள் எல்லாரும் அந்த வீட்டின் சாட்சியைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். இதை அவரிடம் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அவர் ஏன் தியாகராஜனாக இருக்கப்போகிறார்?

சொன்னபடி ஜமால் முதலாளி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, ஒரு அடி உள்ளே வைத்து, அண்ணாந்தார். உட்காரவில்லை.

"போன தடவ பாத்த பலக எங்க?" என்றார்.

"மாத்திட்டோங்க முதலாளி. புதுசா இருக்கட்டும்னுதான்" என்றார் வேலாயுதம்.

"நான் கேட்டேனா?"

வேலாயுதம் என்னைப் பார்த்தார். நான் தியாகராஜனைப் பார்த்தேன். தியாகராஜன் தகட்டின் தரத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தார். முதலாளி அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"மேல என்ன நடந்த? ஒண்டும் நடக்காம யாரும் சீலிங் மாத்த மாட்டாங்க" என்றார்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று வேலாயுதம் எத்தனையோ விதமாகச் சொன்னார். உண்மையைச் சொல்லும்போது மனிதன் எவ்வளவு பொய்யனாகத் தெரிகிறான் என்பதை அன்றைக்குக் கண்டேன். டீமேக்கர் மேல் தனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஆனால் மூடிவைத்த சாமானை வாங்கத் தன்னால் ஏலாது என்று சொல்லிவிட்டு முதலாளி செருப்பை மாட்டினார். காமாட்சியம்மா டீயோடு வந்தபோது அவர் படி இறங்கிவிட்டார்.

பிறகு ஊர் வாய் சும்மா இருக்குமா? டீமேக்கர் வீடு ஒழுகுகிறதாம், அதனால்தான் மூடிவிட்டார்களாம் என்று பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் ஆரம்பித்து, சந்தையில் கரட் விற்கிறவன்வரை பேசினார்கள். நான் கூட்டிவந்த இன்னும் இருவர் வாசலிலேயே நின்று திரும்பினார்கள். மூன்றாவது ஒருவர், வீடு வேண்டாம், இடித்துப்போட்டு நிலத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவரை நான் படியிறக்கிவிட்ட விதத்தை இங்கே எழுத முடியாது. ஐப்பசி பிறந்துவிட்டது. காமாட்சியம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தார்.

தியாகராஜனிடம் அப்போதும் யோசனைக்குப் பஞ்சமில்லை. கொழும்பில் ஒரு இஞ்சினியரைப் பிடித்துக் கூரை நன்றாக இருக்கிறதென்று கடிதம் வாங்கலாமாம். காகிதத்தைக் கூரைமேல் விரித்தால் மழை நிற்கும் என்று நினைக்கிற ஆள். நான் வேலாயுதத்திடம் சொன்னேன், புது சீலிங்கைப் பிரிக்கவேண்டும். அதுவும் முதலாளி கண்முன்னே, மழை பெய்யும்போது பிரிக்கவேண்டும் என்றேன்.

ஏன் முன்கூட்டியே பிரித்து வைக்கக்கூடாது என்று உங்களுக்குத் தோன்றும். தியாகராஜனுக்கும் தோன்றியது. முன்கூட்டியே பிரித்தால், பிரித்துப் பார்த்து, ஓட்டையை அடைத்து, துடைத்துவிட்டுத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று முதலாளி நினைப்பார். ஒருமுறை சந்தேகப்பட்டவனுக்குத் தயார்செய்து வைத்த எதைக் காட்டினாலும் இன்னொரு மூடிதான். நாம் பார்க்காததை அவனோடு சேர்ந்துதான் பார்க்கவேண்டும். அதில் ஒரு ஆபத்து இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொன்னேன். தகடு போட வந்தவர்கள் மேலே என்ன தட்டினார்கள், எதை ஆட்டினார்கள் என்று எனக்கே தெரியாது. கூரை ஒழுகினால் முதலாளி முன்னால்தான் ஒழுகும், அதன் பிறகு இந்த மலையில் எவனும் அந்த வீட்டுப் படி ஏறமாட்டான்.

வேலாயுதம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தியாகராஜன், புத்தம்புது சாமானை உடைக்கச் சொல்கிற தரகனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கத்தினார். காமாட்சியம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலையில் சாய்ந்து நின்றார்.

"பிரிச்சிருங்க அண்ணே. மூடி வச்சுக்கிட்டு நாங்க என்னா செய்யப்போறோம்?" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் பூண்டுலோயா போனேன். கடையில் முதலாளி துணி அளந்துகொண்டிருந்தார். நான் கெஞ்சவில்லை. தரகன் கெஞ்ச ஆரம்பித்தால் வீட்டின் விலை அந்த நிமிடமே பாதியாகும், இதை மட்டும் எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளை மத்தியானம் வாருங்கள், சீலிங்கை உங்கள் முன்னாலேயே பிரிக்கிறோம், என்ன இருக்கிறதென்று நானும் பார்க்கவில்லை, சேர்ந்து பார்ப்போம் என்றேன். அவர் துணியை மடித்து வைத்தார். கூரையைத் தொட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, வருகிறேன் என்றார்.

ஐப்பசி மாதத்தில் நுவரெலியாவில் மத்தியானத்துக்குமேல் சொல்லிவைத்தாற்போல் மழை பிடிக்கும். அன்றைக்கு மட்டும் வானம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. முதலாளி வந்தார், தச்சுவேலை மேஸ்திரியான பாஸ் கடப்பாரையோடு வந்து உட்கார்ந்தார், நான் வந்தேன், மழை வரவில்லை. வெள்ளை சீலிங்குக்குக் கீழே நாற்காலிகளைப் போட்டு எல்லாரும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏப்ரல் மாதத்துக் கொழும்புக் கனவான்கள் பார்த்தால் வாயில் தண்ணீர் ஊறும், அப்படி ஒரு வெயில். தியாகராஜன் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சிரித்தார். முதலாளி இரண்டாவது டீயையும் குடித்து முடித்தார். கடைசி பஸ் எப்போது என்று என்னைக் கேட்டார். நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன். சாமியறைப் பக்கம் காமாட்சியம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

பஸ்ஸுக்கு முதலாளி எழும்பிவிட்டார். குடையைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான் எதிர்மலையை மூடிக்கொண்டு பனிப்புகார் இறங்கியது. தகரத்தில் முதல் சொட்டு விழுந்த சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பாஸைப் பார்த்துக் கையைக் காட்டினேன்.

அவர் ஓரத்துச் சட்டத்தை நெம்பினார். முதல் தகடு தொங்கி, ஆடி, தரையில் விழுந்து நொறுங்கியது. தியாகராஜன் கண்ணை மூடிக்கொண்டார். தூசியும், நூலாம்படையும், எலிக்கூடும், அதன் பின்னால் மழைச் சத்தமும் இறங்கின. சீலிங் இல்லாத தகரக் கூரைக்குக் கீழே ஐப்பசி மழையில் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. பாஸ் ஒவ்வொரு தகடாகத் தட்டிக்கொண்டே போனார். முதலாளி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கியபடி, அடி அடியாக அறைமுழுதும் நடந்தார். கூரையின் கைமரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கேயும் ஈரமில்லை. பழைய ஆணிகள் துருப்பிடித்து அப்படியே உட்கார்ந்திருந்தன.

புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் கடைசித் தகடு விழுந்தது. முதலாளி அதன் கீழே போய் நின்றார். அவர் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

வேலாயுதம் சுவரைப் பிடித்துக்கொண்டார். முதலாளி நெற்றியைத் துடைத்து, விரலைப் பார்த்து, மேலே பார்த்தார். இன்னொரு சொட்டு விழுந்தது. ஏணியைக் கொண்டுவரச் சொல்லி அவரே ஏறினார். தியாகராஜனின் ஆட்கள் சட்டம் தொங்கவிடுவதற்காக நீளமாக ஒரு புது ஆணியை அடித்திருந்தார்கள். அது கைமரத்தைத் தாண்டித் தகரத்தையும் துளைத்திருந்தது. துரு ஏறாத, பளபளவென்ற ஆணி. அந்த வீட்டுக் கூரையில் இருந்த ஒரே ஓட்டை, விலையை ஏற்றுவதற்காகப் போட்ட சீலிங்கால் வந்த ஓட்டை.

முதலாளி இறங்கிவந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. பேச வழியில்லை, மழை அப்படி. நான் என் தோள்துண்டை எடுத்து விரித்தேன். அவர் ஒரு கையை அதற்குள் விட்டார், வேலாயுதத்தின் கையை இழுத்து நானே உள்ளே விட்டேன். மாணிக்கக்கல் வியாபாரிகள் மற்றவன் கண்ணுக்குப் படாமல் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலைபேசுவார்கள் அல்லவா, அதே மாதிரி அந்த வீடு விலைபோனது. வேலாயுதத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனாலும் முதலாளியின் விரல் சொன்னது அவருக்கு விளங்கியது. முகத்தில் தெரிந்தது. முதலில் நாங்கள் எதிர்பார்த்திருந்த விலையில் கொஞ்சம் குறைந்திருந்தது. உடைந்த தகட்டை அள்ளிக் கொட்டுகிற செலவு என்று முதலாளி பிறகு என்னிடம் சொன்னார். தியாகராஜன் துண்டுக்குள் என்ன நடக்கிறதென்று எட்டி எட்டிப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அதில் எனக்கு இருந்த திருப்தியை மறைக்கமாட்டேன்.

மழை கொஞ்சம் தணிந்ததும் முதலாளி வேலாயுதத்திடம் பேசினார்.

"ஓட்ட எனக்குப் பயமில்ல டீமேக்கர். கொஞ்சம் தார் வச்சா அடச்சிரலாம். மறச்சதுதான் பயம். பழைய பலகய விட்டிருந்தா அண்டைக்கே முடிஞ்சிருக்கும்."

என்ன சீலிங் போடுவீர்கள் என்று நான் கேட்டேன். அது தன் வீடு, தனக்குப் பிடித்ததைத் தான் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். இதுதான் தம்பிமாரே நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். வாங்குகிறவனுக்கு அவன் சீலிங்கை அவனே போட்டுக்கொள்ளத் தெரியும். உங்களுக்கு வேண்டுமானால் உங்கள் வீட்டில், நீங்கள் இருக்கும்போது, தங்கத்திலேகூடப் போட்டுக்கொள்ளுங்கள். விற்பதற்காகப் போடாதீர்கள். போடச் சொல்லி வீட்டுக்காரரைத் தூண்டிவிடவும் வேண்டாம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. உறுதிப்பத்திரம் எழுத நொத்தாரிசிடம் எப்போது போவது என்று பேசிக்கொண்டு ஆண்கள் எல்லாரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் துண்டை எடுக்க உள்ளே வந்தேன். காமாட்சியம்மா நொறுங்கின தகட்டை ஒரு பக்கமாகப் பெருக்கி ஒதுக்கிவிட்டு, புகைக்கூண்டுப் பக்கம் ஒரு வாளியை வைத்துக்கொண்டிருந்தார். நல்லபடியாக முடிந்தது, அந்தச் சொட்டு விழுந்தபோது எனக்கு உயிர் போய்விட்டது என்று ஏதோ சொன்னேன். அவர் மேலே அந்த ஆணியைப் பார்த்தார்.

"ஓட்டையக் கண்ணால பாத்துட்டு, அடச்சுக்கலாம்னு சொல்லி வீட்ட ஏத்துக்கிட்டாருங்க அண்ணே" என்றார். "எங்கம்மாகிட்ட நான் இருந்த அந்த ஒரு வருசமும் ஒரு ஓட்டதான். அத அடச்சுக்கலாம்னு சொல்ல எங்களுக்கு ஒருத்தரும் இல்லாமப் போயிட்டாங்க."

வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. நான் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர்கள் தீபாவளிக்கு முன்னாலேயே கப்பல் ஏறிவிட்டார்கள். ஜமால் முதலாளி தாரை உருக்கி அந்த ஓட்டையை அடைத்தார். வீடு இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஒழுகுவதில்லை என்று சொல்கிறார்கள்.